மணல் காத்த துறை, மணல் மூடிய துறை: பழவேற்காடு

ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னேரியில் பழவேற்காடு பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்த பையன்கள் குளித்துத் தலைவாரி, செல்போனில் பாட்டை ஓடவிட்டபடி ஏறிவிடுவார்கள். பாதிப்பேர் பீகார், ஒடிசா. மீதிப்பேர் விழுப்புரம், திருவண்ணாமலை. நான் போன பஸ்ஸில் கண்டக்டர் இந்தியில் நாலு வார்த்தை பழகிவைத்திருந்தார். திருப்பாலைவனம் தாண்டியதும் ஜன்னல் காற்றில் உப்பு வாடை ஏறியது. பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்கள்.

இறங்கினதும் கடல் தெரியாது. ஏரிதான் தெரியும். கரையில் நண்டு ஏலம் நடந்துகொண்டிருந்தது. சேற்று நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கூடையில் அடுக்கியிருந்தார்கள். வியாபாரி ஒவ்வொன்றையும் எடுத்து, வயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அமுங்கினால் தண்ணி நண்டு, உள்ளே சதையில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். கெட்டியாக இருந்தால் எடைக்குப் போகிறது. நல்ல உருப்படியென்றால் உயிரோடு சிங்கப்பூர் வரைக்கும். பஸ்ஸில் வந்த பையன்கள் சுற்றி நின்று வீடியோ எடுத்தார்கள். ஒரு அம்மாள், "ஓரமா நில்லு தம்பி, கொடுக்கு கட்டு அவுந்தா விரலு போயிரும்" என்றார். சொன்ன மொழி புரியாவிட்டாலும் பொருள் புரிந்து நகர்ந்தார்கள்.

400 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வரைபடங்களில் கொட்டை எழுத்தில் இருந்த ஊர் இது. அன்றைக்குச் சென்னை என்றொரு நகரமே கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு இன்று ஒரு சுமாரான விடுதிகூட இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மத்தியதரைக் கடலோரத்து உல்லாச நகரங்கள் ஞாபகம் வரும். அவற்றின் கதை நேர் எதிர்த் திசையில் ஓடியது.

பிரான்சின் தென்கரையில் இருக்கும் கான் நகரம் 1834 வரைக்கும் மீனவர் ஊர்தான். அந்த ஆண்டு இங்கிலாந்தின் புரோம் பிரபு இத்தாலிக்குப் போகும் வழியில், காலரா பயத்தால் எல்லை மூடப்பட்டிருந்ததால், அங்கே தங்க நேர்ந்தது. ஊர் பிடித்துப்போய் வீடு கட்டினார். அவர் பின்னால் மற்ற பிரபுக்கள் குளிர்காலம் கழிக்க வந்தார்கள். 1863இல் ரயில் வந்தது. 1946இல் திரைப்பட விழா தொடங்கியது. பக்கத்தில் சேன் த்ரோபேவுக்கு 1892இல் ஓவியர் சிக்னாக் வந்தார். 1956இல் பிரிஜித் பார்தோ நடித்த படம் வந்தது. வலை உலர்த்திய துறையில் கோடீசுவரர்களின் சொகுசுப் படகுகள் கட்டப்பட்டன. வேலையில்லாமல் இருக்க வசதியுள்ளவர்கள் வந்தார்கள், வந்த இடத்தில் வீடு கட்டினார்கள், கட்டிய வீடு நின்றது. இந்த மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. அந்தப் பக்கத்தில் கரையும் பெரும்பாலும் பாறை. நீரோரத்தில் ஒரு மாளிகையைக் கட்டிவிட்டு, நூறு வருஷம் கழித்தும் அது நீரோரத்திலேயே இருக்கும் என்று நம்பலாம்.

நம் சோழமண்டலக் கரையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இங்கே கரை நகரும். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கத்தி அலை சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே. கணக்குப் பார்த்தால் மிச்சம் வடக்குப் பக்கம்தான். கடலோரத்தில் நின்றால் இது தெரியாது. நீட்டிக்கொண்டு நிற்கிற ஏதாவது ஒன்றைக் குறுக்கே கட்டினால்தான் தெரியும்.

சென்னையில் கட்டினார்கள். 1870களின் நடுவில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழுந்தன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தும் விடாமல் மறுபடி கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் சுவரில் முட்டித் தெற்கே குவிந்தது. குவிந்த மணலின் ஓரத்தில் 1884இல் உலாவும் சாலை போட்ட ஆளுநர் கிராண்ட் டஃப், தாம் முன்பு பார்த்த சிசிலியின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். மத்தியதரைக் கடலோர உல்லாசம் நம் கரைக்கு வந்தது அப்படித்தான்: பெயர் சிசிலியிலிருந்து, மணல் துறைமுகத்தின் தயவில். அதே சுவர்களுக்கு வடக்கே, மணல் வரத்து நின்றுபோன ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்தது. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்னும்போது நாம் நிற்பது அவர்கள் இழந்த மணலில்.

பழவேற்காடு இந்த மணலால் பிழைத்த ஊர். இதே மணலால் படுத்த ஊரும்கூட.

வேல மரங்கள் அடர்ந்த பழைய காடு என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வேல் காடு வேற்காடு ஆவது இலக்கணத்துக்கு ஒத்துவருகிறது. சென்னைக்கு மேற்கே திருவேற்காடும் இருக்கிறது. ஏரி வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை மட்டும் நம் பொன்னேரி வட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் வந்து விழுகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிக்கோட்டை என்னும் நீண்ட மணல் தீவு. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடத்தில் நடந்தே போகலாம், சேறு விட்டால்.

சென்னைக் கரையில் கப்பல்காரர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று தெரிந்தால்தான் இந்த ஏரியின் அருமை தெரியும். அங்கே கப்பல் ஆழத்தில் நிற்கும். சரக்கையும் ஆளையும் மசூலாப் படகில் ஏற்றி, அடுத்தடுத்து எழும் அலைவரிசைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நனையாமல் இறங்கியவர் பாக்கியசாலி. பழவேற்காட்டிலோ முகத்துவாரத்துக்குள் படகு நுழைந்துவிட்டால் அலையே இல்லை. மணல் திட்டு சுவராக நின்று காக்கும். அரபு வணிகரும் மரக்காயரும் அதற்காகத்தான் வந்தார்கள். மதினாவிலிருந்து நாலு படகில் வந்து சேர்ந்தவர்களின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் மரபுக்கதை. விஜயநகர அரசுக்கு இது முக்கியமான துறை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1515இல் எழுந்ததாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்து நினைவு.

டச்சுக்காரர்கள் வந்த நோக்கம் வேறு. அவர்களுக்கு வேண்டியது மலுக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியை விரும்பினார்கள். ஆகவே வாசனைச் சரக்கு வேண்டுமென்றால் முதலில் இங்கே வந்து துணி வாங்க வேண்டும். 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டசாலை போட்டார்கள். 1612இல் போர்ச்சுக்கீசியர் சாந்தோமிலிருந்து வந்து அதை அழித்தார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்ஹெம் தம் சொந்த மாகாணமான ஹெல்டர்லாந்தின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்: கெல்டிரியா. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலம் முழுவதுக்குமான டச்சு ஆட்சி இந்தச் சேற்றுக் கரையிலிருந்துதான் நடந்தது. உள்ளே நாணயச்சாலை இருந்தது. வெடிமருந்து செய்து, தங்கள் கீழைத் தலைமையிடமான படேவியாவரைக்கும் அனுப்பினார்கள்.

இதை வெள்ளைக்காரன் கதையாக மட்டும் படிப்பது தவறு. டச்சு ஏடுகள் மலையா என்று குறிப்பிடும் அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் இல்லாமல் டச்சுக் கம்பெனிக்கு ஒரு முழம் துணி கிடைத்திருக்காது. நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது, சரக்கை வசூலிப்பது, நாயக்கர்களோடும் அரண்மனையோடும் பேசி முடிப்பது எல்லாம் அவர்கள் கையில். சொந்தக் கப்பலும் ஓட்டினார்கள். அந்தத் துணியின் சிவப்புக்குக் காரணமான சாயவேரும் மணற்பாங்கான கரையில் செழிக்கிற செடி. மணல் துறைமுகத்தைக் காத்ததோடு நிற்கவில்லை, துணிக்கு நிறமும் கொடுத்தது.

துணியோடு மனிதர்களும் ஏற்றுமதி ஆனார்கள். சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. பஞ்சம் வந்தால் அடிமை விலை சரியும். பெற்றவர்களே பிள்ளைகளை விற்பார்கள். 1622, 1623இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேரைக் கப்பலேற்றினார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருத்தப்பட்டார்கள். படேவியாவின் வேலைகளில் கரைந்துபோன அந்தத் தமிழர், தெலுங்கர் யாருக்கும் இங்கே கல்லறை இல்லை.

டச்சுக்காரர்களுக்கு இருக்கிறது. தொல்லியல் துறை காக்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், துவாரபாலகர் போல. உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்கள், தூபி வடிவச் சமாதிகள், டச்சு மொழியில் எழுத்து. பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள், 17ஆம் நூற்றாண்டு எழுத்தைக்கூட விரலால் தடவி வாசிக்கலாம். கோட்டையைத் தேடினால் ஏமாற்றம்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதைத் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பது மேடும் அகழியின் தடமும், முள்ளுப் புதரும், புதருக்குள் ஆடும்.

இந்த ஊரிலிருந்து போன இரண்டு சரக்குகளை மட்டும் யாரும் தகர்க்க முடியவில்லை. ஒன்று புத்தகம். 1630களில் இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து இந்து சமயம் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். இருவருக்கும் பொதுவான பேச்சுமொழி போர்ச்சுக்கீசு! ரொஜேரியஸ் இறந்தபின் 1651இல் லைடன் நகரில் அச்சான அந்த நூலில்தான் பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போயின. சம்ஸ்கிருத இலக்கியம் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது என்று சொன்னால் பொன்னேரிக்காரர்களே சிரிக்கிறார்கள்.

மற்றது கட்டம் போட்ட துணி. மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் கட்டும் கட்டச் சாரத்துக்கு இன்றும் பெயர் காயின் பெலிக்காட். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான், டச்சுக்காரர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் புகுந்து புறப்பட்டது. மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் சதுரத் துணியைப் பாலியாகாத்தே என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேரையும் பலர் இங்கேதான் தேடுகிறார்கள். நம் ஊர்ப் பாலயகாட் லுங்கியும் அதே பெயர்தான். எத்தனை பேர் அதைப் பாலக்காட்டு லுங்கி என்று நினைத்துக் கட்டுகிறார்களோ! கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நுழைந்து, உள்ளூர்ச் சரக்கு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் மடிப்புக் கலையாமல் நாலைந்து எடுத்துப்போட்டார். "இது குடியாத்தம், இது குறிஞ்சிப்பாடி சார். இங்க யாரு நெய்யறா?"

ஆங்கிலேயரும் சென்னைக்கு முன்பே இங்கே வந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1619இல் லண்டனும் ஹாலந்தும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 1621இல் பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு சேர்ந்து வியாபாரம் செய்ய வந்தார்கள். ஒத்துப்போகவில்லை. இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டினார்கள். 1626இல் இதே ஏரியின் வடகோடியில் இருக்கும் துர்க்கராஜபட்டினத்தில் இடம் பிடித்தார்கள். அவர்கள் வாயில் அது ஆர்மகான். அங்கே நல்ல துணி மலிவாகக் கிடைக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போனார். 1639இல் மதராசபட்டினம் கிடைத்தது. பழவேற்காட்டு முகத்துவாரம் காலியாக இருந்திருந்தால், அலை அடிக்கிற அந்தத் திறந்த கரையை வாங்க எந்த வியாபாரிக்கு மனசு வந்திருக்கும்?

அதற்குப்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1781இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், 1785இல் திருப்பிக் கொடுத்தார்கள், 1795இல் மறுபடி பிடித்தார்கள், 1818இல் மறுபடி கொடுத்தார்கள், 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. யாருக்கும் அப்போது அது அவ்வளவாகத் தேவைப்படவுமில்லை. கப்பல்கள் பெருத்துவிட்டன, முகத்துவாரம் சிறுத்துவிட்டது. சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கொக்ரேன் கால்வாய் பின்னர் ஏரியையும் தொட்டு வடக்கே நீண்டு, பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதில் சவுக்கு விறகும் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலும் பட்டணத்துக்குப் போயின. உலகத்துக்குத் துணி அனுப்பிய துறை, பட்டணத்து அடுப்புக்கு விறகு அனுப்பியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூடூருக்குப் போட்ட ரயில் பாதை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக உள்நாட்டிலேயே ஓடிவிட்டது. கானுக்கு ரயில் கொண்டுவந்த பிரபுக்களின் இனத்தார், இங்கே வெயிலுக்கு அஞ்சி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். கடலோரம் அவர்களுக்கு ஓய்விடம் ஆகவில்லை. ரயில் வந்த கும்மிடிப்பூண்டிக்குப் பின்னாளில் உருக்காலைகள் வந்தன, அது தனிக்கதை.

இன்று பழவேற்காட்டில் முகத்துவாரம் பற்றிப் பேசாத ஆள் இல்லை. "வாய் தொறந்திருக்கா?" என்பது மீன்பிடிக் குப்பங்களில் நலம் விசாரிக்கிற மாதிரி. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவம் வந்ததும் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் இப்படிப் போய்வருபவைதான். வாய் அடைத்தால் கடல்மீன் உள்ளே வராது. கோடையில் ஏரி நீர் வற்றி உப்பு ஏறும். படகு வெளியே போகாது. திறந்திருக்கும் காலத்தில், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று பட்டினவர் குப்பங்கள் முறைவைத்து இடம் பகிர்ந்துகொள்கின்றன. பாடு இல்லாதவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. வழக்கு, தகராறும் நடந்ததுண்டு. ஆனாலும் ஏரியை ஒருவரே வாரிக்கொண்டு போகாமல் காத்தது இந்த ஏற்பாடுதான் என்பது என் எண்ணம். வலையே இல்லாமல், இடுப்பளவு நீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் கரையோரத்தில் பார்க்கலாம். வாயில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிதான் அவர்கள் கூடை.

தெற்கே, எண்ணூரில் 2001இல் துறைமுகம் வந்தது; அடுத்து காட்டுப்பள்ளியில் இன்னொன்று. சென்னையில் 140 வருஷத்துக்கு முன் நடந்த பாடம்தான், வடக்கே தள்ளி நடக்கிறது. சுவருக்குத் தெற்கே மணல் சேர, வடக்கே கரை கரைகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டு மெலிந்தால் என்ன ஆகும் என்பதுதான் குப்பங்களின் கவலை. அடிக்கடி அடைபடும் முகத்துவாரத்தை நிலைநிறுத்த அரசு அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் கல் கொட்டி இருபக்கமும் தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறது. மீனவர்கள் நெடுநாள் கேட்டது அது. அதன் வடபக்கத்துக் கரைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், ஒருவர் பீடியை எறிந்துவிட்டு, "ஒண்ணு ஒண்ணாத்தான சார் பாக்கணும்" என்றார்.

பார்க்க வருகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? அக்டோபரிலிருந்து மார்ச் வரை பூநாரைகள். ஆழமற்ற நீரில் தலையைக் கவிழ்த்து அலகால் அலசி மேய்கிற அந்தக் கூட்டம் தூரத்தில் ரோஜா நிறக் கோடாகத் தெரியும். நெருங்கினால் கோடு அப்படியே எழுந்து பறக்கும். ராக்கெட் ஏவும் நாளில் ஸ்ரீஹரிக்கோட்டைப் பக்கம் எழும் நெருப்பைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். அன்று கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள், ஒரு நாள் கூலி போச்சு. ஜமீலாபாத் பெண்கள் முடைகிற பனையோலைப் பெட்டிகள் உண்டு. விலை பேசாமல் வாங்குங்கள், ஒரு பெட்டிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்த்தவன் சொல்கிறேன்.

படகு சவாரி மட்டும் கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை. ஒரு மீட்டர் ஆழம் என்று மேலே எழுதினேன். முகத்துவாரத்தின் அருகில் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை. நீரோட்டம் அங்கே வெட்டிய பள்ளத்தை மேலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மாலையில் பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் போய், அங்கிருந்து மணலில் நடந்து தடுப்புச்சுவர் வரைக்கும் போனேன். கற்களுக்குத் தெற்கே புதிதாக மணல் ஒதுங்கி அகலமான திடல் ஆகியிருந்தது. காலையில் பஸ்ஸில் வந்த பையன்கள் அதில் குப்பத்துப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து தண்ணீருக்குள் போனால் அவுட் என்று கோடு கிழித்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மூன்று சக்கர வண்டி ஒன்றில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மிளகாய் பஜ்ஜி தட்டு 20 ரூபாய்.